'தண்ணி வேணுமோ ஆச்சி?' - ஒரு கேள்வி, ஒரு வார்னிங் லெட்டர், ஒரு தாமதமான வழக்கு!

வேலை பார்க்கும் இடத்தில் ஓர் அநியாயம் நடந்தால் நம்மில் பலர் என்ன செய்வோம்? வீட்டுக்கு வந்து அழுவோம். அப்புறம் 'போகட்டும்' என்போம். பொறுக்கவே முடியாத ஒரு நாளில் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுவோம். பதில் வரும் வரை நல்ல பிள்ளையாகக் காத்திருப்போம்.

இங்கிலாந்தில் அப்படிக் காத்திருந்துவிட்டு, கடைசியில் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டுகிறவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்பதுதான். 'உங்களுக்கு என்ன நடந்தது?' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். சிலருக்கு அது வராமலே போய்விடும்.

நான் திருவாரூர் பக்கத்துக்காரி. கல்யாணமாகி லண்டன் வந்து 34 வருடம் ஆகிறது. ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வாரத்தில் 2 நாள், வடமேற்கு லண்டனில் இருக்கும் ஓர் இலவச ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். நான் வக்கீல் இல்லை. வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கடிதங்களைப் படித்து விளக்குவது, தேவைப்பட்டால் மையத்தின் வக்கீலிடம் அனுப்பிவைப்பது, இவ்வளவுதான் என் வேலை. தமிழர்கள் யாராவது வந்தால் நேராக என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள்.

2023 செப்டம்பரில் அப்படி வந்து உட்கார்ந்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட 12 வயது இளையவர். முதல் நாளே 'அக்கா' என்று கூப்பிட்டார். எனக்கும் அவர் தங்கச்சி ஆகிவிட்டார். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஆனால் எழுதச் சொன்னதும் அவர்தான். "எழுதுங்கோ அக்கா. என்னை மாதிரி ஆரும் முடிவு வரட்டும் எண்டு காத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றார்.

ஆச்சி மறந்த ஆங்கிலம்

தங்கச்சிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. 'கேரர்' என்பார்கள் இங்கே. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, மாத்திரை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வது என்று 11 வருடம். அதே இல்லத்தில் யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் இருந்தார். டிமென்ஷியா. அந்தக் காலத்தில் லண்டனில் ஆபீஸ் வேலை பார்த்தவர், ஆங்கிலம் நன்றாகவே தெரிந்தவர். இந்த நோய் பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் அழித்துவிடும். தாய்மொழியை நெடுநாள் விட்டுவைக்கும். ஆச்சிக்கும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலம் போய், கடைசியில் தமிழ் மட்டும் நின்றது.

தங்கச்சி அவரிடம் தமிழில் பேசினார். 'தண்ணி வேணுமோ ஆச்சி?', 'கால் நோகுதோ?' இவ்வளவுதான். 2023 ஜனவரி 10-ம் தேதி அவர் கையில் ஒரு வார்னிங் லெட்டர் கொடுக்கப்பட்டது. வேலை நேரத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசியது குற்றம், அது மற்றவர்களை ஒதுக்கிவைப்பது போலாகும் என்று அதில் இருந்தது. துணை மேனேஜர் கையெழுத்திட்டிருந்தார்.

"அவவுக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு அக்கா. நான் எந்த மொழியில தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறது?"

அதே இல்லத்தில் போலந்து நாட்டுத் தாத்தா ஒருவரும் இருந்தார். அவரிடம் போலிஷில் பேச ஒரு போலந்துப் பெண் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு எந்த லெட்டரும் வரவில்லை. 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்' என்று பாராட்டுதான் வந்தது.

அது முடிந்து பிப்ரவரியிலிருந்து தங்கச்சிக்கு நைட் ஷிஃப்ட் மட்டும். மாதா மாதம் மேனேஜர் போடும் ரோட்டாவில் அவர் பெயர் இரவுப் பக்கத்திலேயே இருந்தது. மார்ச் 20-ம் தேதி, சீனியர் கேரர் பதவி அவருக்கு இல்லை என்று சொன்னார்கள். நேர்காணலில் அவருடைய உச்சரிப்பைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்.

ஏப்ரல் 3-ம் தேதி மூன்றையும் எழுதி இல்லத்தின் நிர்வாகத்துக்கு முறைப்பாடு கொடுத்தார். பதில் ஜூலை 28-ல் வந்தது: ஆதாரம் இல்லை. நிர்வாகத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்தார். செப்டம்பர் 11-ல் அதுவும் தள்ளுபடி. செப்டம்பர் 14-ல் என் மேஜைக்கு வந்தார். கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். அவ்வளவு ஒழுங்கான கவரைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. தேதிகளைப் பார்த்ததுமே கணக்கு தெரிந்துவிட்டது.

மூன்று மாதம், ஒரு நாள் குறைய

பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010-ல் வந்தது. வயது, உடல் ஊனம், பாலின மாற்றம், திருமண நிலை, கர்ப்பமும் பேறுகாலமும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பால், பாலியல் நாட்டம் என்று 9 காரணங்களுக்காக ஒருவரைப் பாகுபாடாக நடத்தக் கூடாது என்கிறது அது. இனம் என்றால் நிறம், குடியுரிமை, பூர்வீகம் எல்லாம் அடக்கம்.

வேலை இடத்தில் அது நடந்தால் எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல் எனப்படும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இன்று கட்டணம் கிடையாது. 2013 முதல் 2017 வரை இருந்தது. பாகுபாட்டு வழக்கை இறுதி விசாரணை வரை கொண்டுபோக மொத்தம் 1,200 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 2017 ஜூலை 26-ம் தேதி அந்தக் கட்டணமே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணம் வேண்டாம். ஆனால் நாள் முக்கியம். சம்பவம் நடந்த நாளையும் சேர்த்து 3 மாதம். அதாவது ஜனவரி 10-ல் நடந்தால் ஏப்ரல் 9 கடைசி நாள். அதற்குள் 'ஏகாஸ்' என்ற சமரச அமைப்புக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் பேசிப் பார்க்கும் காலத்தில் கடிகாரம் நிற்கும். ஆனால் கெடு முடிந்த பிறகு அவர்களிடம் போனால் நிறுத்துவதற்குக் கடிகாரமே இருக்காது.

பலரைக் கவிழ்ப்பது ஒரு நம்பிக்கை. 'கம்பெனிக்குள்ளேயே புகார் கொடுத்திருக்கிறோமே, அதன் முடிவு வரும் வரை கெடு ஓடாது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓடும். நிர்வாகம் 4 மாதம் எடுத்துக்கொண்டாலும் ஓடும். நிர்வாகம் அனுப்பும் கடிதங்களில் இதை யாரும் எழுதுவதில்லை.

தங்கச்சியின் கணக்கைப் பாருங்கள். பதவி உயர்வு மறுத்தது மார்ச் 20. கெடு ஜூன் 19. நாங்கள் செப்டம்பர் 15-ல் ஏகாஸுக்குத் தகவல் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, மனு போட்டது அக்டோபர் 9. தாமதம் 112 நாள். வார்னிங் லெட்டர் விஷயத்தில் தாமதம் சரியாக 6 மாதம்.

"பிந்திப்போச்சு என்ன அக்கா?" என்றார். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் கதவு முழுதாக மூடவில்லை. நியாயமற்ற பணிநீக்க வழக்கில் கெடு தாண்டினால், உரிய காலத்தில் மனு போட நடைமுறையில் வழியே இல்லாமல் இருந்தது என்று காட்ட வேண்டும். மிகக் கடினம். பாகுபாட்டு வழக்கில் சட்டம் கொஞ்சம் இளகியது. காலத்தை நீட்டிப்பது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்கும் என்று தீர்ப்பாயம் கருதினால் நீட்டிக்கலாம்.

'கருதினால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீட்டிப்பு யாருக்கும் உரிமை அல்ல, கேட்பவர்தான் தீர்ப்பாயத்தை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, அதுவும் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று என்று 2018-ல் அதே நீதிமன்றம் சொன்னது. 2021-ல் ஒரு மருத்துவரின் வழக்கு அங்கே வந்தது. தாமதம் வெறும் 3 நாள். கீழே நீட்டிப்பு மறுத்திருந்தார்கள். அதையே மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த 3 நாளைப் பற்றி வக்கீல் சொன்னபோது தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. பல சம்பவங்கள் சேர்ந்து ஒரே தொடர்ச்சியான நடத்தை என்றால், கடைசிச் சம்பவத்திலிருந்து கெடுவை எண்ணலாம். லண்டன் காவல் துறையில் கறுப்பினப் பெண் காவலர் ஒருவர், 11 வருடத்தில் நடந்த ஏறக்குறைய 100 சம்பவங்களைச் சொல்லி வழக்குப் போட்டார். அவற்றை ஒரே தொடராக அவர் வாதாடலாம் என்று 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. தங்கச்சியின் இரவு ரோட்டா மாதா மாதம் புதிதாகப் போடப்பட்டது. கடைசி ரோட்டா ஆகஸ்ட் இறுதியில் வந்தது. எங்கள் மையத்தின் இளம் வக்கீல் அந்த நூலைத்தான் பிடித்துக்கொண்டார்.

'ஆறுதலா' என்றால் என்ன?

2024 மே மாதம் முதற்கட்ட விசாரணை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த வழக்கைக் காலம் கடந்தும் எடுத்துக்கொள்வதா, வேண்டாமா?

தீர்ப்பாயம் என்றதும் சினிமாவில் பார்க்கும் கோர்ட்டை நினைக்காதீர்கள். வெள்ளை விக் இல்லை, கூண்டு இல்லை. ஒரு சாதாரண ஆபீஸ் அறை, மேஜைகள், தண்ணீர் ஜாடி. நீதிபதி ஒருவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். சொந்தக்காரரோ என்னைப் போன்ற தெரிந்தவரோ சாட்சியத்தை மொழிபெயர்க்க விடமாட்டார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் முன்னாலேயே ஏகாஸுக்குப் போகவில்லை?" என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டார்.

"அவை முறைப்பாட்டுக்கு ஆறுதலாத்தான் பதில் தந்தவை" என்றார் தங்கச்சி.

வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். 'நிர்வாகம் எனக்கு ஆறுதலான பதிலைத் தந்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். எதிர்த் தரப்பு வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாழ்ப்பாணத் தமிழில் 'ஆறுதலா' என்றால் 'மெதுவாக, சாவகாசமாக' என்று பொருள். நிர்வாகம் இழுத்தடித்தது என்கிறார் அவர். அறையில் பதிவானதோ, நிர்வாகம் சமாதானம் சொன்னதாக!

பின்வரிசையில் இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எங்கள் வக்கீலிடம் நீட்டினேன். அவர் எழுந்து நீதிபதியிடம் சொன்னார். நீதிபதி கேள்வியைத் திரும்பக் கேட்கச் செய்தார். மொழிபெயர்ப்பாளரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, சரியான பொருளைச் சொன்னார். ஒரே மொழிதான். ஆனால் ஒரு சொல் இடம் மாறிப்போனால் ஒருத்தரின் 11 வருட உழைப்பும் அதன் பின்னால் போய்விடும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

மாலையில் முடிவைச் சொன்னார் நீதிபதி. மூன்றுக்கும் தனித்தனி முடிவு.

ரோட்டா விஷயம்: மாதா மாதம் நடந்தது. கெடுவுக்குள் இருப்பதாக வாதாட இடமிருக்கிறது. முழு விசாரணைக்குப் போகலாம்.

பதவி உயர்வு: 112 நாள் தாமதம்தான். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை, நிர்வாகத்தின் நடைமுறையை நம்பிக் காத்திருந்தார். நேர்காணல் குறிப்புகள் எழுத்தில் உள்ளன. நேர்காணல் நடத்தியவர்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருக்கிறார்கள். எதிர்த் தரப்புக்குப் பெரிய பாதகம் இல்லை. காலம் நீட்டிக்கப்படுகிறது.

வார்னிங் லெட்டர்: 6 மாதத் தாமதம். கையெழுத்திட்ட துணை மேனேஜர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். ரோட்டா போட்டவர் வேறு, இவர் வேறு. எனவே ஒரே தொடர் என்று சொல்ல ஆதாரமில்லை. அவர் இல்லாமல் நிர்வாகம் நியாயமாகப் பதில் சொல்லவும் முடியாது. நீட்டிப்பு மறுக்கப்படுகிறது.

நீதிபதி கோபமாகப் பேசவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னார். எனக்கும் அது தர்க்கமாகத்தான் பட்டது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

"எனக்குப் பதவி பெரிசில்லை அக்கா. இரவு வேலையும் பழகிட்டுது. ஆச்சியோட கதைச்சது குற்றம் எண்டு எழுதி என்ர ஃபைலில வச்சிருக்கினம். அதைத்தானே கேக்க வந்தனான்."

தாமதத்துக்கும் ஒரு தாமதம்

தீர்ப்பாயத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எழுத்தில் தீர்ப்பு அனுப்பிய 14 நாளுக்குள் அதே தீர்ப்பாயத்திடம் மறுபரிசீலனை கேட்பது. இரண்டு, 42 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவது. அங்கே சட்டப் பிழை இருந்தால் மட்டுமே கேட்பார்கள். 'நடந்ததை நீதிபதி நம்பவில்லை' என்று போனால் வேலைக்கு ஆகாது.

மறுபரிசீலனையும் சுலபம் இல்லை. 'நீதியின் நலனுக்கு அவசியம்' என்று காட்ட வேண்டும். முதலில் நீதிபதி காகிதத்தைப் பார்ப்பார். வெற்றி வாய்ப்பே இல்லை என்று தோன்றினால் விசாரணை இல்லாமலே நிராகரித்துவிடுவார். முன்பு சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்வதற்கு அங்கே இடமில்லை. புது ஆதாரம் என்றால், முயன்றிருந்தாலும் முதல் விசாரணைக்கு முன் அது கிடைத்திருக்காது, முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு முக்கியமானது, நம்பத்தகுந்தது என்று மூன்றையும் காட்ட வேண்டும். மே மாதத்தில் எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. "இப்போது போட்டால் தோற்போம்" என்றார் வக்கீல். 14 நாளும் கடந்தது. 42 நாளும் கடந்தது.

ஆகஸ்டில் இரு தரப்பும் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளும் கட்டம் வந்தது. நிர்வாகம் அனுப்பிய கட்டு 300 பக்கத்துக்கு மேல். நானும் தங்கச்சியும் ஒரு சனிக்கிழமை முழுக்க மையத்தில் உட்கார்ந்து படித்தோம். மதியத்துக்கு மேல் அவர் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். ஒன்றும் பேசவில்லை.

2023 ஜனவரி 9. மேனேஜர் துணை மேனேஜருக்கு அனுப்பிய மின்னஞ்சல். வார்னிங் லெட்டரை நானே எழுதி இணைத்திருக்கிறேன், உன் பெயரில் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொடு என்று இருந்தது. இன்னும் சில பக்கம் தள்ளி, பிப்ரவரியில் ஒன்று. பார்க்க வரும் குடும்பத்தினர் காதில் இவருடைய ஆங்கிலம் விழ வேண்டாம், இரவில் போடு என்று.

வேறு வேறு ஆள் என்றார்களே! வெளிநாடு போனவர் இல்லாமல் பதில் சொல்ல முடியாது என்றார்களே! எழுதியவர் இங்கேயேதான் இருந்திருக்கிறார். அந்தக் கடிதமும் அவர்களிடமேதான் இருந்திருக்கிறது.

தாமதமான வழக்கில் கொடுத்த தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டு, அதையும் தாமதமாகக் கொடுத்தோம். அந்தத் தாமதத்தை மன்னிக்க ஒரு காரணக் கடிதம் வேறு. ஆவணம் எதிர்த் தரப்பின் கையில் இருந்ததால் எங்களால் முன்பே காட்ட முடியவில்லை என்று எழுதினார் வக்கீல். நிர்வாகத் தரப்பு எதிர்த்தது. முடிந்த விஷயம் முடிந்ததாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் எந்த வழக்கும் முடியாது என்றது. அதிலும் நியாயம் இருக்கிறது. சாட்சிகளுக்கு மறதி வரும், ஆட்கள் வேலை மாறுவார்கள். கெடு என்று ஒன்று இல்லாவிட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய கோபத்துக்கும் இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதே நீதிபதிதான் கேட்டார். தன் பழைய முடிவின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றார். வார்னிங் லெட்டரும் ரோட்டாவும் ஒரே தொடரா என்பதை எல்லாச் சாட்சியத்தையும் கேட்ட பிறகு முழு விசாரணையில் முடிவு செய்யலாம் என்றார். 'நான் சொன்னது இப்போது நிற்காது' என்று ஒரு நீதிபதி தானே எழுதுவதை அன்றுதான் முதல் முறை படித்தேன்.

தீர்ப்பு

முழு விசாரணை 2025-ல் நடந்தது. 4 நாள். நீதிபதியோடு இரண்டு உறுப்பினர்கள். இந்த முறை இலங்கைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தோம். வந்தார்.

முடிவைக் கேளுங்கள். நீட்டிப்பு கிடைத்த பதவி உயர்வு வழக்கில் தங்கச்சி தோற்றார். தேர்வானவருக்கு அவரைவிடக் கூடுதல் தகுதிச் சான்றிதழ் இருந்தது, உச்சரிப்புக் குறிப்பு முடிவை மாற்றவில்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. கதவே மூடப்பட்டிருந்த வார்னிங் லெட்டர் வழக்கில் ஜெயித்தார். போலிஷ் பேசியவருக்குப் பாராட்டும் தமிழ் பேசியவருக்கு எச்சரிக்கையும் ஏன் என்று மேனேஜரால் விளக்க முடியவில்லை. இரவு ரோட்டாவும் பாகுபாடுதான் என்றார்கள். இரண்டையும் செய்தவர் ஒருவரே, காரணமும் ஒன்றே. ஜனவரி முதல் செப்டம்பர் ரோட்டா வரை ஒரே தொடர், ஆகவே வழக்கு கெடுவுக்குள்தான் வந்திருக்கிறது என்று முடித்தார்கள்.

112 நாளும் 6 மாதமும் என்று நாங்கள் இரண்டு வருடம் சுமந்தோம். அந்த லெட்டரைப் பொறுத்தவரை தாமதமே இல்லை என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள்.

மன வேதனைக்கான இழப்பீடு கிடைத்தது. தொகையை எழுத வேண்டாம் என்றார். வீடு வாங்கும் தொகை இல்லை என்று மட்டும் எழுதச் சொன்னார். ஆச்சி அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கச்சி இப்போது வேறோர் இல்லத்தில் பகல் ஷிஃப்டில் இருக்கிறார். அங்கே சேரும்போது பேசத் தெரிந்த மொழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். தேவைப்படும் என்று.

நமக்கு என்ன?

'லண்டன் கதை எங்களுக்கு எதற்கு?' என்று தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம். இதே 3 மாதக் கெடு உங்கள் பக்கத்திலும் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம். தர முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஏற்றுக்கொண்டால், காரணத்தை எழுதிவைத்து இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழுவுக்குப் போகலாம். குழுவின் பரிந்துரை சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு 90 நாள். என் அக்கா மகள் சென்னையில் ஐ.டி-யில் இருக்கிறாள். அவளுக்கே இது தெரிந்திருக்கவில்லை.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 3 மாதம் என்ற கெடுவை 6 மாதமாக்க 2025 டிசம்பரில் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அது அமலுக்கு வரும் தேதி வேறு. உங்களுக்கு எந்தக் கெடு பொருந்தும் என்று ஏகாஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது வரை 3 மாதம் என்றே மனதில் வையுங்கள்.

என் மேஜைக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, 'எந்தத் தேதி?' என்றுதான். கதையைப் பிறகு முழுதாகக் கேட்கிறேன், டீ கொடுத்துக் கேட்கிறேன். ஆனால் முதலில் தேதி.

உங்களுக்கு ஏதாவது நடந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். கம்பெனிக்குள் புகார் கொடுங்கள், அது நல்லதுதான். அதே வாரத்தில் வெளியிலும் விசாரியுங்கள். யூனியன் இருந்தால் யூனியன், இல்லாவிட்டால் இலவச சட்ட ஆலோசனை மையம். வழக்குப் போடுவது உங்கள் இஷ்டம். போடாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் போடலாமா, வேண்டாமா என்ற முடிவை நீங்கள் எடுங்கள். அதைக் காலண்டர் எடுக்க விடாதீர்கள்.